மஞ்சள் கறுப்பாகும் தகடு

அமெரிக்க உள்நாட்டுப் போர் (1861–1865) காலத்துச் சிப்பாய் படம் ஒன்று கைக்கு வந்தால், அனுபவமுள்ள சேகரிப்பாளரின் கண் இடுப்புப் பட்டைக்குத்தான் முதலில் போகும். கொக்கியில் ‘யு.எஸ்.’ எழுத்துகள் இடவலம் மாறியிருக்கும். கோட்டுப் பொத்தான்களும் எதிர்ப்பக்கம் இருக்கும். கண்ணாடியிலோ இரும்பிலோ எடுத்த இந்தப் படங்களுக்கு நெகட்டிவ் கிடையாது. கேமராவுக்குள் சிப்பாயின் எதிரே நின்ற அதே தகடுதான் இப்போது நம் கையில் இருக்கிறது.

1851இல் ஃபிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் வெளியிட்ட கொலோடியன் முறையிலிருந்து வந்தவை இவை. வெடிபஞ்சை ஈதரிலும் ஆல்கஹாலிலும் கரைத்துத் தகட்டில் ஊற்றி, வெள்ளி நைட்ரேட்டில் முக்கி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்துக் கழுவிவிட வேண்டும். கண்ணாடியில் எடுத்தால் ஆம்ப்ரோடைப். கறுப்பு வார்னிஷ் பூசிய மெல்லிய இரும்பில் எடுத்தால் டின்டைப். சிறு காந்தம் ஒன்று இருந்தால் போதும், இரண்டையும் பிரித்தறிந்துவிடலாம்.

இதில் என்னை மிகவும் ஈர்ப்பது நிறங்கள்தான். தகட்டில் ஒளியை உணரும் வெள்ளி அயோடைடு நீல, ஊதா, புற ஊதா ஒளிக்கே வினைபுரியும். மஞ்சளும் சிவப்பும் அதற்கு இருட்டு. அதனால் காலாட்படையின் வெளிர்நீலக் கைப்பட்டைகள் படத்தில் வெளுத்துத் தெரியும். குதிரைப்படையின் மஞ்சளும் பீரங்கிப்படையின் சிவப்பும் கறுத்துவிடும். நீலக் கண்கள் அச்சமூட்டும் அளவுக்கு வெளிறிப்போகும். பொத்தானின் தங்கநிறமும் கன்னத்துச் சிவப்பும் படம் எடுத்தபின் தூரிகையால் வைத்தவை. இந்த வேதியியல் தெரியாமல் சீருடையைப் படிக்கப் போனால் படைப்பிரிவே மாறிப்போகும்.

படைப்பிரிவு தெரிந்தாலும் பெயர் கிடைப்பது அரிது. 2010இல் லில்யென்க்விஸ்ட் குடும்பம் தான் சேகரித்த ஏறக்குறைய 700 படங்களை அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்குக் கொடையாக அளித்தது. சீருடையில் ஒரு கறுப்பினச் சிப்பாய், அருகில் மனைவி, இரண்டு மகள்கள் இருக்கும் படம் அதில் உண்டு. துக்க உடையில், தந்தையின் படத்தை ஏந்தியிருக்கும் சிறுமியும் உண்டு. அந்தத் தொகுப்பில் பெரும்பாலானோர் பெயர் இல்லாமலே வந்து சேர்ந்தார்கள்.

ஒரு படம் பெயரை மீட்டதும் நடந்திருக்கிறது. 1863 ஜூலையில் கெட்டிஸ்பர்க் போர்க்களத்தில் இறந்துகிடந்த சிப்பாயிடம் மூன்று குழந்தைகளின் ஆம்ப்ரோடைப் மட்டுமே இருந்தது. செய்தித்தாளில் புகைப்படம் அச்சிடும் வசதி அன்று இல்லை. ஆகவே குழந்தைகளின் வயதையும் உடையையும் எழுத்தில் விவரித்துப் பிரசுரித்தார்கள். அந்த விவரிப்பைக் கொண்டு குழந்தைகளின் தாய் அடையாளம் கண்டுகொண்டார். இறந்தவர் ஏமஸ் ஹ்யூமிஸ்டன், நியூயார்க் 154ஆம் படைப்பிரிவின் சார்ஜண்ட்.

பெயர் தெரிந்த படத்துக்கு விலை கூடுதல். அதனாலேயே பழைய தாளில் பொய்ப்பெயர் எழுதிப் படம் வைத்த பெட்டிக்குள் செருகுவோரும் உண்டு. இது இறந்தவருக்குச் செய்யும் துரோகம் என்றே நான் நினைக்கிறேன். காகித அட்டைப் படங்களில் ஏமாற்றுவது சற்றுக் கடினம்: 1864 செப்டம்பர் முதல் 1866 ஆகஸ்ட் வரை விற்ற படங்களின் முதுகில் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டியாக வேண்டும் என்பது சட்டம். ஸ்டாம்ப் இருந்தால் காலம் தெரிந்துவிடும்.

2018இல் தொடங்கிய ‘சிவில் வார் ஃபோட்டோ ஸ்லூத்’ இணையதளம் முகமறியும் மென்பொருளால் ஒத்த முகங்களைத் தேடித் தருகிறது. அது தருவது சாத்தியமானவர்களின் வரிசை மட்டுமே. பதவிப் பட்டை, படைப்பிரிவு, ஸ்டூடியோ இருந்த ஊர் எல்லாம் ஒத்துவந்தால்தான் சேகரிப்பாளர் அந்தப் பெயரை ஏற்கலாம்.