அம்பத்தூரில் பிறந்த சைக்கிள் மலை ஏறுமா?

சென்னைக்கு மேற்கே உள்ள அம்பத்தூருக்கு இன்று எத்தனையோ பெருமைகள் உண்டு. ஆனால், அந்த ஊர் முதலில் தமிழ்நாட்டு வீடுகளுக்குள் நுழைந்தது சைக்கிளில் ஏறித்தான்!

வெள்ளைக்காரன் காலத்தில் நல்ல சைக்கிள் வேண்டுமென்றால் அது இங்கிலாந்தில் இருந்து கப்பலில் வரவேண்டும். சுதந்திரம் வந்தபின் அந்த நிலை மாறியது. முருகப்பா குடும்பத்தாரும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் கம்பெனியும் கைகோத்து, 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனியைத் தொடங்கினார்கள். 1951இல் அம்பத்தூர் தொழிற்சாலை இயங்க ஆரம்பித்தது. ஹெர்குலிஸ், பிலிப்ஸ், பி.எஸ்.ஏ. என்ற பெயர்களில் சைக்கிள்கள் ஊர் ஊராகப் போயின. பால்காரர், தபால்காரர், வாத்தியார், பள்ளிக்கூடப் பையன் என்று எல்லோரும் ஏறினார்கள். கல்யாணச் சீரில்கூட சைக்கிள் இடம் பிடித்தது.

அந்தச் சைக்கிள் பிறந்த மண்ணில் இருந்து புறப்பட்டு எங்கெல்லாம் போகலாம்?

ஏரிகளின் பூமி

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகிய மூன்றும் சமவெளி ஊர்கள். இங்கே மேடு என்றால் அது ஏரிக்கரைதான். கொரட்டூர், அம்பத்தூர், செம்பரம்பாக்கம் என்று ஏரிகளாகவே கிடக்கின்றன.

சமவெளியில் சைக்கிள் விடுவது சுலபம் என்று நினைப்பவர்கள் உண்டு. மேடு இல்லாத ஊரில் காற்று இருக்கிறதே! வேகம் இரண்டு மடங்கு ஆனால், காற்று தடுக்கும் பலம் நான்கு மடங்கு ஆகிறது. அதனால்தான் அனுபவசாலிகள் ஒருவர் பின் ஒருவராகப் போகிறார்கள். முன்னே போகிறவர் காற்றைக் கிழிக்கிறார். பின்னே வருகிறவருக்குப் பாதி சிரமம் குறைந்தது போல இருக்கும். கொஞ்ச தூரம் போனதும் முன்னவர் விலகிப் பின்னால் வந்துவிடுவார். முறை வைத்து ஏற்றம் இறைப்பது போல!

ஆனி, ஆடி மாதங்களில் இந்தப் பக்கத்துக்காரர்கள் படும் பாடு வேடிக்கையானது. காலையில் மேற்கே போகும்போது மேல்காற்று முகத்தில் அடிக்கும். பகல் சாய்ந்து வீடு திரும்பலாம் என்றால், அதற்குள் கடல் காற்று கிளம்பிக் கிழக்கிலிருந்து எதிர்த்து வரும். போகும்போதும் எதிர்க்காற்று, வரும்போதும் எதிர்க்காற்று!

அடியார்கள் நடந்த பாதை

பூவிருந்தவல்லியில் இருந்து மேற்கே போனால் திருமழிசை. திருமழிசை ஆழ்வார் அவதரித்த ஊர். அதே சாலையில் மேலும் போனால் ராமானுஜர் பிறந்த ஸ்ரீபெரும்புதூர். பூவிருந்தவல்லியே திருக்கச்சி நம்பிகளின் ஊர்தான். அவர் இங்கிருந்து பூக்களை எடுத்துக்கொண்டு காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாளுக்குத் தொண்டு செய்யப் போனார் என்பது வரலாறு. அவர் நடந்து போன திசையில் இன்று பெங்களூரு நெடுஞ்சாலை ஓடுகிறது. கன்டெய்னர் லாரிகள் இடைவிடாமல் பறக்கின்றன. குடும்பத்தோடு சைக்கிளில் போகிறவர்களுக்கு இந்தச் சாலை ஏற்றதல்ல. பக்கத்துச் சிறு சாலைகளே உத்தமம். அதுவும் விடிந்த பிறகுதான்.

பூண்டிக்கு 40 கிலோ மீட்டர்

இன்னொரு பாதை திருவள்ளூர் பாதை. உள்ளூர்க்காரர்கள் சி.டி.எச். ரோடு என்பார்கள். அம்பத்தூரில் இருந்து பூண்டி நீர்த்தேக்கம் வரை சுமார் 40 கிலோ மீட்டர். நிதானமாகப் போனால் இரண்டரை மணி நேரம், மூன்று மணி நேரம்.

வழியெல்லாம் கதைதான். திருமுல்லைவாயலில், தொண்டைமானின் யானையை முல்லைக்கொடி மடக்கிய இடத்தில் மாசிலாமணீசுவரர் கோயில். அதைத் தாண்டினால் ஆவடி. 1955இல் காங்கிரஸ் மகாசபை கூடி, சோஷலிசப் பாணி சமுதாயம் அமைப்பது என்று தீர்மானித்த ஊர். பிறகு ராணுவ டாங்கிகள் செய்த ஊரும் இதுவே.

அடுத்து திருநின்றவூர். கோயில் கட்டக் கையில் காசில்லாத பூசலார் நாயனார், மனசுக்குள்ளேயே கல் மேல் கல் வைத்துக் கோயில் கட்டினார். பல்லவ மன்னன் பொருள் கொட்டிக் கட்டிய கோயிலுக்கும் அதே நாளில் குடமுழுக்கு. இறைவன் முதலில் போனது பூசலார் மனக்கோயிலுக்கு! அந்தப் பூசலாரின் ஊர் இது.

பூண்டி அணை 1944இல் கொற்றலை ஆற்றின் குறுக்கே கட்டி முடிந்தது. சென்னை மக்களின் தாகம் தீர்க்க, மேயராக இருந்தபோது இதற்காகப் பாடுபட்டவர் தீரர் சத்தியமூர்த்தி. தேக்கி வைத்த தண்ணீரை அவர் பார்க்கவில்லை. 1943 மார்ச்சில் காலமாகிவிட்டார். அணைக்குப் பெயர் மட்டும் சத்தியமூர்த்தி சாகர்.

பூண்டிக்கு அருகேதான் அதிரம்பாக்கம். 1863இல் ராபர்ட் புரூஸ் பூட் என்ற வெள்ளைக்கார மண்ணியல் அறிஞர் இங்கே கற்கால மனிதனின் கருவிகளைக் கண்டார். இந்த இடத்தில் கிடைத்த கருவிகளில் சில 15 லட்சம் ஆண்டு பழமையானவை என்று 2011இல் ஆராய்ச்சியாளர்கள் அறிவித்தார்கள். சக்கரம் கண்டுபிடிப்பதற்கு எத்தனையோ காலத்துக்கு முந்திய மனிதன்! பக்கத்துக் குன்றுகளில் குடியம் குகைகள் இருக்கின்றன. அங்கே சைக்கிள் உதவாது. காட்டு வழியில் நடந்துதான் போகவேண்டும்.

பாரில் உட்கார்ந்த குழந்தை

சைக்கிளால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்கள் புதுக்கோட்டையைக் கேட்கலாம். 1991இல் அங்கே அறிவொளி இயக்கம் கிராமம் கிராமமாக எழுத்தறிவு புகட்டியது. அப்போது மாவட்ட கலெக்டர் ஷீலாராணி சுங்கத். எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக் கொடுத்தார்கள். கல் குவாரியில் வேலை செய்த பெண்கள், வயல் வேலை செய்த பெண்கள், கிராம நர்சுகள் எல்லோரும் கற்றுக்கொண்டார்கள். கேலி பேசிய வாய்களும் இருந்தன. ஆனால் 1992 மகளிர் தினத்தில் 1,500க்கும் அதிகமான பெண்கள் கொடி கட்டி, மணி அடித்து ஊர்வலம் வந்தபோது புதுக்கோட்டையே வாய் பிளந்து நின்றது.

லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது பலர் ஆண்கள் சைக்கிளிலேயே ஏறினார்கள். சிலருக்கு அதுதான் பிடித்தும் போயிற்று. காரணம் என்ன தெரியுமா? முன்னால் உள்ள பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம்! பஸ்சுக்குக் காத்து நின்று பொழுது போன நாட்கள் போயின. தண்ணீர்க் குடத்தைத் தூக்கிவர அண்ணனையோ கணவனையோ எதிர்பார்க்க வேண்டியதும் இல்லை.

மலை ஏறும் கணக்கு

இனி மலைக்கு வருவோம். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 100 மீட்டருக்கு 5 மீட்டர் உயரும் சாலையில் ஏறினால், 4 கிலோ எடையைக் கயிற்றில் கட்டி யாரோ பின்னால் இழுப்பது போல இருக்கும். ஏற்றம் 10 மீட்டர் ஆனால் 8 கிலோ. பழைய ஒற்றைக் கியர் சைக்கிளில் பலர் இறங்கித் தள்ளுவது இதனால்தான்.

கியர் சைக்கிளில் தந்திரம் பல் சக்கரத்தில் இருக்கிறது. முன்னே 44 பல், பின்னே 22 பல் என்றால் பெடல் ஒரு சுற்று சுற்றும்போது சக்கரம் இரண்டு சுற்று சுற்றும். பின்னே பல் கூடக்கூட சக்கரம் மெதுவாகச் சுற்றும்; காலுக்குப் பாரம் குறையும். மலை குட்டையாவதில்லை. அதே உயரத்தைச் சின்னச் சின்னப் பங்காக்கி ஏறுகிறோம். அவ்வளவுதான்.

ஏற்காட்டுக்குச் சேலத்தில் இருந்து போனால் 20 கொண்டை ஊசி வளைவுகள். மசினகுடியில் இருந்து கல்லட்டி வழியாக ஊட்டிக்கு 36. கொல்லிமலைக்கு 70! நீலகிரியில் 2008 முதல் பல நாள் சைக்கிள் பயணமே நடந்து வந்திருக்கிறது. சமவெளியில் பழகிய சென்னைக்காரர்களும் இந்த வளைவுகளில் ஏறிக் காட்டியிருக்கிறார்கள்.

ஏறுவதில் வருவது களைப்பு மட்டுமே. ஆபத்து இறக்கத்தில்தான். ஒரேயடியாகப் பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தால் ரிம் கொதிக்கும். முன் பிரேக்கை மட்டும் சட்டென்று பிடித்தால் ஆள் தலைகுப்புற விழுவான். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, இரண்டு பிரேக்கையும் விட்டு விட்டுப் பிடிக்கவேண்டும். மலைக்குப் புறப்படும் முன் பிரேக் கட்டையைத் தொட்டுப் பாருங்கள். தேய்ந்திருந்தால் அடிவாரத்துக் கடையிலேயே மாற்றிவிடுங்கள். மேலே போனபின் கடை தேடி அலைய முடியாது.