நிறுத்துவதா, தொடர்வதா?



பெருங்குடலில் தோன்றிய புற்றுநோய் ஈரலுக்கும் நுரையீரலுக்கும் பரவிவிட்டது. சத்திரசிகிச்சையால் முற்றாக அகற்ற இயலாத நிலை. நோயாளி நான்கு மாதங்களுக்கு மேலாக மருந்து பெற்றார். படம் பிடித்துப் பார்த்தபொழுது கட்டிகள் சுருங்கியிருக்கின்றன. அல்லது வளராமலேனும் நிற்கின்றன. இனிச் செய்யத்தக்கது யாது? மருந்தை நிறுத்தி இளைப்பாறுவதா, அன்றித் தொடர்வதா? இன்றைய பேச்சு இவ்வினாவைப் பற்றியதாகும்.

முதலில் மருந்துகளைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். இந்நோய்க்கு வழங்கப்படும் தொடக்கச் சிகிச்சைகளுள் ஒன்று மூன்று மருந்துகளைக் கொண்டது. ஒக்சாலிபிளாற்றின், கப்பெசிற்றபீன் ஆகிய இரண்டும் பிரிந்து பெருகும் கலங்களைத் தாக்குவன. மூன்றாவதாகிய பெவசிசுமாப் வேறு வகையினது. கட்டி வளர்வதற்குக் குருதி வேண்டும். அதன்பொருட்டு அது புதிய குருதிக்குழாய்களைத் தன்பால் வரவழைக்கும் புரதத்தைச் சுரக்கின்றது. புதிய குழாய்களின்றிக் கட்டி பெருக மாட்டாது என்னும் கருத்தை அமெரிக்க வைத்திய அறிஞர் யூடா போக்மன் 1971ஆம் ஆண்டில் வெளியிட்டார். பெவசிசுமாப் அப்புரதத்தைப் பற்றிச் செயலறச் செய்கின்றது. குறித்த ஓர் இலக்கை நாடுவதால், இத்தகையதை இலக்குநோக்குச் சிகிச்சை என்பர்.

இம்மூன்றையும் முடிவின்றி வழங்கலாகாதோ எனின், ஆகாது. ஒக்சாலிபிளாற்றின் உடலில் ஏற ஏற நரம்புகளைத் தாக்கும். விரல்கள் மரத்துப்போகும், சட்டைப் பொத்தானைப் பூட்டுவதும் அரிதாகும். ஆகவே, அதை மட்டும் விலக்கி, ஏனைய இரண்டையும் தொடரும் ஒரு நடுவழி தோன்றியது. இதுவே பேணற் சிகிச்சை.

இவ்வழியாற் பயனுண்டோ என்பதை நெதர்லாந்து நாட்டு வைத்தியர்கள் ஆராய்ந்து, 2015ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். கைரோ-3 என்பது அவ்வாராய்ச்சியின் பெயர். மூன்று மருந்துகளையும் ஆறு சுற்றுப் பெற்று, நோய் கட்டுப்பட்டிருந்த 558 பேர் இரு பிரிவினராக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்குப் பேணற் சிகிச்சை. மற்றவர்க்கு மருந்தின்றிக் கண்காணிப்பு மட்டும். கண்காணிப்பில் இருந்தோருக்கு நோய் மீண்டும் வளர எடுத்த இடைநிலைக் காலம் 4.1 மாதம், பேணற் சிகிச்சை பெற்றோருக்கு 8.5 மாதம். வளர்ந்தபின் முதற் சிகிச்சையை மீண்டும் தொடங்குவதே திட்டம். அவ்வாறு இரண்டாம் முறை நோய் வளரும் வரையிலான காலத்தை நோக்கின், அது முறையே 8.5, 11.7 மாதங்களாக அமைந்தது.

எனினும், உயிர்வாழ்ந்த மொத்தக் காலத்தை நோக்கின் 18.1 மாதமும் 21.6 மாதமுமே கிடைத்தன. இவ்வேறுபாடு தற்செயலாக நேர்ந்ததன்று எனத் துணிந்து கூறக் கணிதம் இடந்தரவில்லை. மேலும், பேணற் சிகிச்சை பெற்றோருள் நூற்றுக்கு 23 பேருக்கு உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து எரியும் துன்பம் உண்டாயிற்று. ஆயினும், பொதுவான வாழ்க்கைநலம் பெரிதும் குன்றவில்லை.

சிலரது கட்டியில் ராஸ் என்னும் பரம்பரையலகு மாற்றமுறாதிருக்கும். அன்னோர் சிலருக்குப் பனிற்றுமுமாப் என்னும் வேறோர் இலக்கு மருந்து வழங்கப்படுகின்றது. அதனைத் தனியே தொடர்ந்தாற் போதுமோ என்று இத்தாலியில் ஆராய்ந்து, 2019ஆம் ஆண்டில் முடிவு கூறினர். புளோரோயூராசில் மருந்தையும் சேர்த்துப் பெற்றோருள் நூற்றுக்கு ஏறத்தாழ 60 பேருக்குப் பத்து மாதமளவும் நோய் வளரவில்லை. இலக்கு மருந்தை மட்டும் பெற்றோருள் அத்தகையோர் 49 பேரே. துணை மருந்தையும் கைவிடலாகாது என்பது இதனாற் பெறப்படும்.

அன்பர்களே, எல்லார்க்கும் பொருந்தும் ஒரே விடை இதற்கில்லை. நோயின் வேகம், கட்டியின் இயல்பு, உடலின் வலிமை, நோயாளியின் விருப்பம் ஆகிய நான்கையும் சீர்தூக்க வேண்டும். சில மாதம் மருந்தின்றி இல்லத்தில் இருக்க விழைவது பேதைமையன்று. தொடர விழைவது பேராசையுமன்று. எவ்வழியைத் தெரிந்தாலும், குறித்த தவணையிற் பரிசோதனைக்குச் செல்லுதல் இன்றியமையாதது. சிகிச்சைக்கு இடைவேளை உண்டு. கவனிப்புக்கு இடைவேளை இல்லை.