டர்போ காரும் காற்று வடிகட்டியும்

நம் வங்கியில் வாகனக் கடன் பெறுவோருள் பலர் இப்போது டர்போ பெட்ரோல் கார்களை நாடுகின்றனர். ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். அக்காற்றை அழுத்தி உட்செலுத்தும் டர்போவின் சக்கரம் நிமிடத்திற்கு ஒரு லட்சம் சுற்றுகளுக்கு மேலும் சுழலக்கூடியது. அவ்வேகத்தில் மோதும் மணல்துகள் அதன் இதழ்களை அரிக்கும். நுண்தூசி சிலிண்டரைத் தேய்க்கும்.

கூடுதல் காற்று, கூடுதல் வேகம் என்று கூறி எண்ணெய் தோய்ந்த பருத்தி வடிகட்டிகளை விற்கின்றனர். கழுவி மீண்டும் பயன்படுத்தலாம் என்பது உண்மையே. ஆயினும் எண்ணெய் மிகுந்தால், காற்றளவு சென்சார் உள்ள கார்களில் அதன்மீது படிந்து அளவீட்டைப் பிறழச் செய்யலாம். அன்றாடப் பயணத்திற்குத் தயாரிப்பாளர் பரிந்துரைக்கும் காகித வடிகட்டியே போதும் என்பது எம் கருத்து. அதனை நீரில் கழுவலாகாது. மேற்கு ராஜஸ்தான் போன்ற புழுதி நிலங்களில் கையேடு கூறும் கெடுவுக்கு முன்பே மாற்றுதல் நலம். பெரும்பாலான கார்களுக்கு இது பெருஞ்செலவன்று.

வழக்கமான மோட்டார் காப்பீடு தேய்மானத்தையும் இயந்திரப் பழுதையும் ஏற்பதில்லை. வண்டி பணிமனையில் நின்றாலும் மாதத் தவணை நிற்பதில்லை. வேறு வடிகட்டி பொருத்துமுன் உத்தரவாத விதிகளைப் படித்துக்கொள்ளுமாறு வேண்டுகிறோம்.