சுழலும் உளியின் நோய்கள்

கை உளியால் மரம் செதுக்கும் ஆசாரி, மரத்தில் கணு வந்தால் அந்தக் கணமே அறிந்துகொள்வார். உளியின் பிடி அவர் உள்ளங்கையில் அதிரும். அடி தானாகவே தணியும். கணினியின் கட்டளைப்படி மரம் செதுக்கும் இயந்திரத்துக்கு இத்தகைய கை இல்லை. அதன் உளி மழுங்கியிருந்தாலும், வளைந்தாலும், ஏன், ஒடிந்தே போனாலும் அது அறியாது. இட்ட பாதையில் போய்க்கொண்டேயிருக்கும். ஆகவே அந்த உளியின் நோயை அறிய வேண்டியவர் அருகில் நிற்கும் மனிதரே. சற்றே இயற்பியல் தெரிந்தால் அது கடினமன்று.

எண் கட்டளைகளால் இயங்கும் வெட்டு இயந்திரம் 1952ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் மக்கள் முன் இயக்கிக் காட்டப்பட்டது. அன்று அது ஓர் அறையை அடைத்துக்கொண்ட உலோக வெட்டு இயந்திரம். இன்று அதன் வழித்தோன்றல் மேசைமேல் அடங்குகிறது. ‘சி.என்.சி.’ என்று அழைக்கப்படும் இதனைத் தேனி, சின்னமனூர், கம்பம் போன்ற ஊர்களில் மரவேலை செய்வோரும் ஆர்வமுள்ள மாணவரும் வாங்கலாம். ஆனால், நிலைக்கதவுக்கென வைத்த ஒரு தேக்குப் பலகை வீணானால் பல நாள் கூலி போய்விடும்.

சுழற்சியின் கணக்கு

இயந்திரத்தில் இரு வகை இயக்கங்கள் உண்டு. ஸ்டெப்பர் மோட்டார்கள் உளியை முன்பின்னாகவும், பக்கவாட்டிலும், மேல்கீழாகவும் நகர்த்துகின்றன. ‘ஸ்பிண்டில்’ எனப்படும் சுழல்தண்டு உளியைச் சுழற்றுகிறது. இந்தச் சுழலும் உளியையே பட்டறையில் ‘பிட்’ என்பர்.

நம் வீட்டு மின்சாரத்தின் அதிர்வெண் வினாடிக்கு 50. இரு துருவ மோட்டார் ஒன்று இதில் நிமிடத்துக்கு 50 × 60 = 3,000 சுற்றுக்கு மேல் சுற்ற இயலாது. மரம் செதுக்க இது போதாது. ஆகவே அதிர்வெண் மாற்றி என்னும் கருவி மின்சாரத்தை 400 அதிர்வெண் வரை உயர்த்தித் தருகிறது. சுழல்தண்டு 24,000 சுற்று வரை சுற்றுகிறது. மிகச் சிறிய இயந்திரங்களில் நேர்மின் மோட்டார்கள் இருக்கும்.

முதல் நோய்: கருகல்

செதுக்கிய பள்ளத்தின் ஓரம் கருகிப் புகை நாற்றம் வருகிறது. பலரும் உடனே செய்வது, உளியின் நகர்வை மேலும் மெதுவாக்குவது. அதனால் கருகல் கூடுமே தவிரக் குறையாது. ஏன்?

ஒரு கணக்கைப் பார்ப்போம். பிட்டுக்கு வெட்டு விளிம்புகள் இரண்டு; சுழற்சி நிமிடத்துக்கு 18,000; நகர்வு நிமிடத்துக்கு 900 மில்லிமீட்டர். நிமிடத்துக்கு விழும் வெட்டுகள் 36,000. ஒவ்வொரு வெட்டுக்கும் கிடைக்கும் சீவலின் கனம் 900 ÷ 36,000 = 0.025 மி.மீ. இவ்வளவு மெல்லிய இழையை விளிம்பு வெட்டுவதில்லை, தேய்க்கிறது. தேய்த்தால் உராய்வு, உராய்ந்தால் வெப்பம். நல்ல வெட்டில் வெப்பத்தின் பெரும்பகுதியைச் சீவலே சுமந்து வெளியேறும். தூளால் அது இயலாது.

6 மி.மீ. பிட்டுக்கு 0.1 மி.மீ. அளவிலான சீவல் பொருத்தமானது. அதே 18,000 சுற்றில் அதைப் பெற நகர்வு 3,600 மி.மீ. ஆக வேண்டும், சிறிய இயந்திரம் இதைத் தாங்காது. சுழற்சியை 12,000 ஆகக் குறைத்தால் 2,400 போதும். ஒற்றை விளிம்பு பிட் போட்டால் 1,200 போதும். ஆகவே முதலில் கீழே விழுவதைக் கையில் எடுத்துப் பாருங்கள்: சுருள் சுருளான சீவலா, மாவு போன்ற தூளா? தூளானால் சுழற்சியைக் குறையுங்கள், அல்லது நகர்வைக் கூட்டுங்கள். அப்படியும் கருகினால் விளிம்பு மழுங்கியிருக்கும். தேக்கில் சிலிகா உண்டு. அது விளிம்பை விரைவில் மழுக்கும்.

இரண்டாம் நோய்: அலறல்

பிட் கீச்சென்று அலறுகிறது. மரத்தில் அலைஅலையாகத் தழும்பு விழுகிறது. பிட் ஒரு முனையில் பிடிக்கப்பட்ட சட்டம் போன்றது. பக்கவாட்டு விசையால் அது வளையும் அளவு, வெளியே நீண்டிருக்கும் நீளத்தின் மும்மடிக்கு நேர்விகிதத்திலும், விட்டத்தின் நான்மடிக்கு எதிர்விகிதத்திலும் அமையும். 20 மி.மீ. நீண்டிருந்த பிட்டை 40 மி.மீ. வெளியே நீட்டினால் வளைவு 8 மடங்காகும். 6 மி.மீ. பிட்டுக்குப் பதில் 3 மி.மீ. பிட் போட்டால் 16 மடங்காகும்!

வளைந்த பிட் அதிர்ந்து மரத்தில் ஓர் அலையை விட்டுச் செல்கிறது. அடுத்த விளிம்பு அந்த மேடுபள்ளத்தின்மீது வெட்டுவதால் சீவலின் கனம் ஏறி இறங்குகிறது. விசையும் ஏறி இறங்கி அதிர்வை வளர்க்கிறது. உலோகம் வெட்டுவதில் இதே சிக்கல் மிகக் கடினமானது என்று பிரெடரிக் டெய்லர் 1907லேயே எழுதினார். தீர்வு எளிது: பிட்டைக் குட்டையாக வையுங்கள், ஆழத்தை ஒரே மூச்சில் வெட்டாமல் பல தடவையாக வெட்டுங்கள், சுழற்சியைச் சற்று மாற்றிப் பாருங்கள்.

மூன்றாம் நோய்: மையம் பிறழ்தல்

பிட்டைக் கவ்விப் பிடிக்கும் பிளவுபட்ட கூம்புக்குக் ‘காலெட்’ என்று பெயர். அதனுள் சிறிது தூள் ஒட்டியிருந்தாலும் பிட் மையத்தை விட்டு விலகிச் சுழலும். இரு விளிம்புகளில் ஒன்று மற்றதைவிட 0.05 மி.மீ. வெளியே இருப்பதாகக் கொள்வோம். சீவலின் கனமும் 0.05 மி.மீ. ஆனால், வெட்டும் வேலை முழுவதும் ஒரு விளிம்பின் தலையில் விழும். மற்றது சும்மா சுழலும். 6 மி.மீ. பிட் வெட்டிய பள்ளம் 6.2 மி.மீ. அகலம் இருந்தால் இதை ஐயுறலாம்.

எடைச் சமநிலையும் முக்கியம். மையத்திலிருந்து 5 மி.மீ. தள்ளி ஒரு கிராம் கூடுதல் எடை இருந்தால், 18,000 சுற்றில் எழும் விசை ஏறத்தாழ 18 நியூட்டன்; அதாவது 1.8 கிலோகிராம் எடை வினாடிக்கு 300 முறை திசை மாறித் தாங்கியை இழுப்பதற்குச் சமம். ஆகவே ஒவ்வொரு முறையும் காலெட்டைத் துடைத்து, பிட்டின் தண்டு அதன் முழு நீளத்திலும் பிடிபடுமாறு இறுக்குங்கள்.

வெட்டும் பள்ளம் போகப்போக ஆழமாகிறதா? காலெட்டின் பிடி தளர்ந்து பிட் கீழே நழுவுகிறது. சீவலை மேலே தள்ளும் திருகு பிட், அதே விசையால் தன்னைக் கீழ்நோக்கி இழுத்துக்கொள்ளும்.

நான்காம் நோய்: தளர்ச்சி

வெறுமனே நன்றாகச் சுற்றும் பிட், மரத்தைத் தொட்டதும் தளர்கிறது. திறன் என்பது முறுக்கு விசையும் கோண வேகமும் பெருக்கி வருவது. அதிர்வெண் மாற்றியில் ஓடும் 24,000 சுற்று மோட்டாரை 6,000 சுற்றில் ஓட்டினால் அதன் திறன் கால் பங்கே கிடைக்கும். ஆகவே கருகலுக்கு அஞ்சிச் சுழற்சியை அளவுக்குமேல் குறைக்கக் கூடாது. நேர்மின் மோட்டாரானால் மின்னழுத்தம் தாழ்ந்துள்ளதா என்று பாருங்கள். கார்பன் பிரஷ் உள்ளதானால் அதன் தேய்வையும் பாருங்கள்.

புதிதாகப் பொருத்திய மும்முனை மோட்டாரில், புதிய பிட்டும் மரத்தைத் தொட்டதும் புகைகிறதா? சுழலும் திசையைப் பாருங்கள். மேலிருந்து பார்க்க அது வலஞ்சுழியாக இருக்க வேண்டும். இடஞ்சுழியானால் விளிம்பின் முதுகு மரத்தைத் தேய்க்கிறது. மோட்டாருக்குச் செல்லும் மூன்று கம்பிகளில் ஏதேனும் இரண்டை இடம் மாற்றினால் திசை மாறும். மின்சாரத்தைத் துண்டித்து, மாற்றியின் மின்தேக்கிகள் வெறுமையாகும்வரை பல நிமிடங்கள் காத்திருந்த பிறகே மின்பணி அறிந்தவர் இதைச் செய்ய வேண்டும்.

மரத்தையும் கேளுங்கள்

எல்லாக் குற்றமும் இயந்திரத்தினுடையதன்று. தென்மேற்குப் பருவக்காற்றின் சாரல் கம்பம் பள்ளத்தாக்கில் வீசும் நாட்களில் திறந்த கொட்டகையில் கிடக்கும் பலகை ஈரத்தை உறிஞ்சும். ஈர இழைகள் வெட்டுப்படாமல் கிழிந்து பஞ்சுபோல் நிற்கும். மலைத்தோட்டங்களில் நிழலுக்காக வளர்க்கும் சில்வர் ஓக்கும் நன்கு உலர்ந்த பிறகே செதுக்கத் தகுந்தது.

கடைசியாக ஒன்று. பிட்டைத் தொடுமுன் மின்செருகியைப் பிடுங்கிவிடுங்கள். கண்ணாடியும் முகமூடியும் அணியுங்கள். ஒடிந்த பிட் பறக்கும், நுண்தூள் நுரையீரலில் தங்கும். கோளாறு கண்டால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றி, விளைவைக் குறித்து வையுங்கள். சுழற்சி, நகர்வு, ஆழம் மூன்றையும் ஒருங்கே மாற்றியவர் எது நோய், எது மருந்து என்று ஒருநாளும் அறியமாட்டார். ஆய்வுக்கூடத்தில் நாம் கற்கும் முதல் பாடமும் இதுவேயல்லவா?