முதலில் ஷண்டிங், பிறகு பெயர்

ஒன்பதாம் வகுப்புப் பேத்தி கணக்குத் தாளை நீட்டினாள். 3எக்ஸ்² + 5எக்ஸ் − 3எக்ஸ்² + 2 எவ்வகைக் கோவை என்பது கேள்வி. "நான்கு உறுப்பு, படி 2" என்றெழுதி மதிப்பெண்ணை இழந்திருந்தாள். "எனக்குக் கணக்கே வராது தாத்தா" என்றபோது கண் கலங்கியிருந்தது.

ரயில்வேயில் காலம் கழித்த எனக்கு யார்டுதான் நினைவுக்கு வந்தது. அங்கே ஒரே ஊருக்குப் போகும் வேகன்களை ஷண்டிங் செய்து ஒன்று சேர்ப்போம். பிறகுதான் வண்டி புறப்படும். இங்கும் அப்படியே. எக்ஸ்² உறுப்பு எக்ஸ்² உறுப்போடும், எக்ஸ் உறுப்பு எக்ஸ் உறுப்போடும் மட்டுமே சேரும். 3எக்ஸ்²-இல் 3எக்ஸ்² போனால் மிச்சம் பூஜ்யம். எஞ்சுவது 5எக்ஸ் + 2.

இப்போது எண்ணலாம். உறுப்புகள் இரண்டு, ஆகவே ஈருறுப்புக் கோவை. எக்ஸின் மிகப் பெரிய அடுக்கு 1. ஆகவே படி 1.

பள்ளியில் 'பைனாமியல்' என்று மனப்பாடம் செய்தவள், "ஈருறுப்புன்னா பேரிலேயே விடை இருக்கே தாத்தா!" என்று சிரித்தாள். அடுத்த கணக்கைத் தானே போட்டாள்.

அன்பர்களே, நம் பிள்ளைகள் இங்கே ஆங்கிலத்தில்தான் படிக்கிறார்கள். ஆனாலும் ஓருறுப்பு, ஈருறுப்பு, மூவுறுப்பு என்ற சொற்களையும் வீட்டில் சொல்லிவையுங்கள். கூடவே ஒன்று: சுருக்கிய பிறகே பெயர் வைக்க வேண்டும்.