தோட்டா நிரப்பும் ஆசையும் கொழும்பின் சட்டமும்

ரொறன்ரோவிலோ மெல்பேர்னிலோ இருக்கும் மச்சான் சுட்டு முடித்த தோட்டாக் கோதுகளை வீட்டிலேயே மறுபடி நிரப்புகிறார்; சனிக்கிழமை கழகத்துக்குப் போய் இலக்கில் சுடுகிறார். அந்தக் காணொளியைப் பார்த்த வெள்ளவத்தைத் தம்பிக்கும் ஆசை பிறக்கிறது. ஆசையில் பிழையில்லை, குறிபார்த்துச் சுடுதல் உலகம் மதிக்கும் விளையாட்டு. ஆனால் அனுமதி பெற்ற மச்சானுக்கு அங்கே பொழுதுபோக்காக இருக்கும் வேலை, இங்கே ஒரு தொடர்மாடி அறையில் நடந்தால் சிறைக்குரிய குற்றம். தமிழ் இளைஞர் ஒருவருக்கு அது பயங்கரவாதத் தடைச் சட்டம் வரைக்கும் இழுபடலாம். எனவே இந்த விளையாட்டுக்குள் வர விரும்புவோரும் அவர்களின் பெற்றோரும் சில விடயங்களை முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

நிரப்புதல் என்றால் என்ன?

ரைபிள் தோட்டா ஒன்றில் நான்கு பாகங்கள் உண்டு: பித்தளைக் கோது, அதன் அடியில் இருக்கும் பிரைமர், உள்ளே வெடிமருந்து, முனையில் சன்னம். சுட்டபின் கோது மட்டும் மிஞ்சும். அதற்குப் புதுப் பிரைமரும் மருந்தும் சன்னமும் இட்டு மறுபடி தோட்டாவாக்குவதே நிரப்புதல். 300 மீற்றர் போன்ற தூரங்களில் ஒவ்வொரு தோட்டாவும் ஒரே மாதிரி பாய வேண்டும் என்பதற்காகவும், செலவைக் குறைப்பதற்காகவும் வெளிநாட்டு வீரர்கள் இதைச் செய்கிறார்கள்.

அங்கேயும் இது ஆபத்தில்லாத வேலை அல்ல. .308 வின்செஸ்டர் என்ற பரவலான ரைபிள் தோட்டாவுக்கு வகுக்கப்பட்ட உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 இறாத்தல். கார்ச் சில்லுக்கு நாம் அடிக்கும் காற்று 30 சொச்சம்தான். மருந்தின் வகையோ அளவோ பிசகினால் துப்பாக்கியே முகத்துக்கு முன்னால் வெடித்துச் சிதறும். மருந்து போதாமல் சன்னம் குழலுக்குள் சிக்கி, அது தெரியாமல் அடுத்த சூடு வைத்தாலும் அதே கதிதான். பிரைமரில் இருப்பது அடிபட்டாலே வெடிக்கும் ஈயச் சேர்மம். அதன் புகையிலும் தூசியிலும் கலந்த ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். மேல்மாடியில் குடும்பம், கீழ்மாடியில் குடும்பம், நடுவே எரிவாயு சிலிண்டர் என்று நெருங்கி வாழும் கொழும்புத் தொடர்மாடிகளில் இதற்கு இடமே இல்லை.

விளையாட்டுக்கு இது தேவையா?

தேவையில்லை. ஒலிம்பிக்கில் ரைபிள் போட்டிகள் இரண்டு தூரங்களில் நடக்கின்றன: 10 மீற்றர், 50 மீற்றர்.

10 மீற்றரில் பயன்படுவது காற்று ரைபிள். அழுத்திய காற்று 4.5 மில்லிமீற்றர் ஈயக் குண்டு ஒன்றைத் தள்ளுகிறது, வெடிமருந்தே கிடையாது. இலக்கின் நடுவில் பத்துப் புள்ளிக்குரிய பொட்டின் விட்டம் வெறும் அரை மில்லிமீற்றர். நின்றபடி, மூச்சை அடக்கி, அந்தப் பொட்டை நோக்கி 60 முறை சுட வேண்டும். டோக்கியோ ஒலிம்பிக்கில் இலங்கைக்காக தெஹானி எகொடவெல களமிறங்கியது இந்தப் போட்டியில்தான்.

50 மீற்றரில் பயன்படுவது .22 தோட்டா. இதில் தீப்பற்றும் கலவை கோதின் விளிம்புக்குள்ளேயே அடைக்கப்பட்டிருக்கும். சுடும்போது அந்த விளிம்பு நசுங்கிவிடுவதால், வெளிநாட்டு வீரர்களும் இந்தக் கோதைச் சேர்த்து வைப்பதில்லை. இலண்டன் ஒலிம்பிக்கில் மங்கள சமரகோன் சுட்டது இந்தத் தூரத்தில்.

ஆக, உலக அரங்கு வரை போகும் பாதையில் ஒருவர் ஒரு தோட்டாவைக்கூட நிரப்பத் தேவையில்லை.

சட்டம் சொல்வது

1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம், அனுமதிப்பத்திரம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பதைக் குற்றமாக்குகிறது. 1996ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தம் தண்டனைகளைக் கடுமையாக்கியது. அனுமதிப்பத்திரத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். 2024 நவம்பரில், தற்பாதுகாப்புக்கென வழங்கிய துப்பாக்கிகளை மீளாய்வுக்காக ஒப்படைக்கும்படி பாதுகாப்பு அமைச்சு கேட்டதை நினைவில் கொள்ளுங்கள். அனுமதி அரசு தருவது; அதை மீளாய்வு செய்யவும் அரசால் முடியும்.

வெடிமருந்துக்குத் தனிச் சட்டம் உண்டு. 1956ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெடிபொருட்கள் சட்டத்தின்படி, வெடிபொருளைத் தயாரிக்க, இறக்குமதி செய்ய, வைத்திருக்க, விற்க அனுமதிப்பத்திரம் வேண்டும். துப்பாக்கிக்கு அனுமதி இருக்கிறது என்பதால் தோட்டா தயாரிக்க அனுமதி இருக்கிறது என்று ஆகாது. இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டமோ இன்னும் அகலமாக வலை விரிக்கிறது. சட்டபூர்வ அதிகாரமின்றி சுடுகலன், தோட்டா, வெடிபொருள் ஆகியவற்றைக் கொண்டுவருவது, தயாரிப்பது, சேகரிப்பது மட்டுமல்ல, வெடிபொருள் செய்யப் பயன்படும் எந்தப் பொருளையும் சேகரிப்பதும் அதன் 2ஆம் பிரிவில் குற்றம். தண்டனை 5 முதல் 20 ஆண்டுகள் வரை சிறை. “விளையாட்டுக்குத்தான் வைத்திருந்தேன்” என்ற விளக்கத்தை நீதிமன்றத்தில் சொல்லக் கிடைக்கும் நாள் வரும்வரை தடுப்புக்காவலில் மாதங்கள் கழியலாம்.

பார்சலும் பழைய ரவையும்

வெளிநாட்டு உறவினரிடம் பிரைமர், மருந்து, கோது, நிரப்பும் கருவி எதையும் அனுப்பச் சொல்லாதீர்கள். வெடிபொருளைத் தபாலில் அனுப்புவதற்குச் சர்வதேசத் தடை உள்ளது. பொதியில் பெறுநர் என்று உங்கள் பெயர் இருக்கும். சுங்கம் திறந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். நினைவுப் பொருளென்று வெற்றுக் கோதைப் பயணப்பையில் போட்டுக்கொண்டு கட்டுநாயக்கவுக்குப் போவதும் வேண்டாத வம்பு.

பழைய வீட்டைத் திருத்தும்போதோ, ஊரிலிருந்து வந்த பெட்டியைப் பிரிக்கும்போதோ ரவை கண்ணில் பட்டால் தொடாதீர்கள். வாய்க்காலிலோ குப்பையிலோ எறியாதீர்கள். 119க்கு அழைத்துச் சொல்லுங்கள். அழைத்த நேரத்தையும் வந்த உத்தியோகத்தரின் பெயரையும் இலக்கத்தையும் எழுதி வையுங்கள். மறைத்தவர் அல்ல, அறிவித்தவர் நீங்கள் என்பதற்கு அந்தக் குறிப்பு உதவும்.

பொலிஸார் வந்தால்

அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரைப்படி, கைதுக்கான காரணத்தை உங்களுக்குச் சொல்ல வேண்டும். சாதாரணச் சட்டத்தில் 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் அது 72 மணித்தியாலம். அதற்குள் தடுப்புக்காவல் உத்தரவு பிறப்பிக்கப்பட்டால், 2022ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பின் மொத்தம் 12 மாதம் வரை வைத்திருக்கலாம்.

கைதானவரும் குடும்பத்தாரும் செய்ய வேண்டியவை:

- எந்தப் பொலிஸ் நிலையம், எந்தச் சட்டம், எந்த அதிகாரி என்பதைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.
- உடனே சட்டத்தரணியை நாடுங்கள். வசதி இல்லாதவர்கள் புதுக்கடையிலுள்ள சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போகலாம்.
- இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். பயங்கரவாதத் தடைச் சட்டக் கைதுகளை 48 மணித்தியாலத்துக்குள் ஆணைக்குழுவுக்கு அறிவிப்பது அதிகாரிகளின் கடமை.
- வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதிய வாக்குமூலத்தில் கையெழுத்து வைக்க வேண்டாம். தமிழும் அரசகரும மொழி, தமிழில் கேளுங்கள். உதவிப் பொலிஸ் அத்தியட்சகரோ அதற்கு மேற்பட்டவரோ பதிவு செய்யும் ஒப்புதல் வாக்குமூலத்தைப் பயங்கரவாதத் தடைச் சட்டம் சாட்சியமாக ஏற்கிறது என்பதை மறவாதீர்கள்.
- உரிமை மீறப்பட்டால் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுத் தாக்கல் செய்யலாம். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், விசாரணை நடக்கும் காலம் அந்தக் கெடுவில் சேராது.

இந்த மனு வெறும் காகிதம் அல்ல. 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த முந்நூறுக்கும் மேற்பட்ட தமிழர்களைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. மறுநாளே அந்த வெளியேற்றத்தை நிறுத்தும் இடைக்கால உத்தரவு வந்தது. வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் கண்ட அனுபவம் அது. விரைந்து, எழுத்தில், உரிய நீதிமன்றத்தில் கேட்டவர்களுக்குப் பலன் கிடைத்தது.

நேர் வழி

சுடுதலில் ஆர்வம் உள்ளவர் முதலில் இலங்கை தேசிய துப்பாக்கிச் சுடுதல் விளையாட்டுச் சம்மேளனத்தோடு இணைந்த கழகம் ஒன்றைத் தேடிச் சேர வேண்டும். கழகத்தின் துப்பாக்கியில், கழகத்தின் கூடத்தில், பயிற்றுநரின் கண்பார்வையில் காற்று ரைபிளோடு தொடங்குங்கள். சொந்தமாக ஒன்று வாங்கும் எண்ணம் வந்தால், காற்றுத் துப்பாக்கியானாலும் சரி, பணம் கட்டுவதற்கு முன் பாதுகாப்பு அமைச்சிடம் எழுத்தில் கேட்டு எழுத்திலேயே பதில் பெறுங்கள். விண்ணப்பத்தைத் தமிழில் அனுப்பலாம். பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். காரணமின்றி மறுக்கப்பட்டால் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் ரிட் மனுத் தாக்கல் செய்யும் வழி உண்டு.

இந்த விளையாட்டு நம் பிள்ளைகளுக்கும் உரியது. பயத்தினால் அதை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. கழகத்தில் பெயரைப் பதியுங்கள். ஒவ்வொரு கடிதத்துக்கும் பிரதி வைத்திருங்கள். வீட்டுக்குள் மருந்தோ ரவையோ வர விடாதீர்கள்.