முனைவர் பட்ட ஆய்வும் ஜெர்மன் மொழியும்

ஜெர்மனியின் பல்கலைக்கழகங்களிலும் மாக்ஸ் பிளாங்க் ஆய்வு நிறுவனங்களிலும் அறிவியல் துறைகளில் முனைவர் பட்ட ஆய்வுக்கு வரும் வெளிநாட்டு மாணவர்களுக்கு, ஜெர்மன் தெரிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை பெரும்பாலும் விதிக்கப்படுவதில்லை. குழுக் கூட்டமும் நெறியாளருடனான கலந்துரையாடலும் ஆங்கிலத்திலேயே நடக்கின்றன; ஆய்வேட்டையும் ஆங்கிலத்தில் எழுதப் பல துறைகள் இடமளிக்கின்றன. இதனால், பல ஆண்டுகள் அந்நாட்டில் வாழ்ந்த பின்னும் கடையில் பொருள் கேட்டு வாங்கும் அளவைத் தாண்டாமல் பட்டத்தோடு வெளியேறுபவர்கள் உண்டு. ஆங்கிலம் தரும் இந்த வசதியே மொழி கற்பதற்குப் பெருந்தடையாக நிற்கிறது.

ஆய்வகத்துக்கு வெளியே நிலைமை வேறு. ஜெர்மனியின் நிர்வாக நடைமுறைச் சட்டம், அரசு அலுவல் மொழி ஜெர்மன் என்று தெளிவாகக் கூறுகிறது. ஆகவே வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கும் அயல்நாட்டவர் அலுவலகத்தில் ஒருவர் ஆங்கிலம் பேசினாலும், அங்கிருந்து வரும் கடிதம் ஜெர்மனிலேயே இருக்கும். 'அன்மெல்டுங்' எனப்படும் முகவரிப் பதிவு, வாடகை ஒப்பந்தம், மருத்துவக் காப்பீடு ஆகியவற்றிலும் இதே நிலைதான். இவற்றுக்கெல்லாம் ஒரு நண்பரின் உதவி கிடைத்துவிடலாம். ஆனால், நண்பகல் உணவு மேசையில் உடன் பணியாற்றுவோர் தமக்குள் இயல்பாகப் பேசிக்கொள்வதும், ஒருவர் பொருட்டு அவர்கள் ஆங்கிலத்துக்கு மாறியதும் அந்தப் பேச்சு மெலிந்து போவதும் எந்த உதவியாலும் ஈடுசெய்ய முடியாத இழப்பு.

மொழித் திறனை ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகளாக வகுக்கும் ஐரோப்பியப் பொது அளவுகோலில், அன்றாட வாழ்வைத் தானே நடத்திக்கொள்ளும் திறன் மூன்றாம் படியான பி1 ஆகும். அதை எட்ட, 45 நிமிடம் கொண்ட பாடவேளைகள் 350 முதல் 650 வரை தேவைப்படும் என்று ஜெர்மனியின் பண்பாட்டு நிறுவனமான கதே நிறுவனம் கணக்கிடுகிறது. 'ஃபோல்க்ஸ்ஹோக்‌ஷூலே' எனப்படும், நகரந்தோறும் குறைந்த கட்டணத்தில் நடக்கும் மக்கள் கல்விக்கூடங்களில், மாலையில் வாரம் நான்கு பாடவேளை வீதம் ஆண்டுக்கு 40 வாரங்கள் படிப்பவருக்கு இது இரண்டு முதல் நான்கு ஆண்டு உழைப்பு. அதாவது ஆய்வுக் காலம் ஏறக்குறைய முழுவதும். ஆய்வேட்டை முடித்துவிட்டு மொழியைப் பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் எவ்வளவு தவறானது என்பதற்கு இந்தக் கணக்கே சான்று.

மொழியின் அமைப்பும் பொறுமையைக் கேட்கிறது. மேசை ஆண்பால், கதவு பெண்பால், ஜன்னல் இவ்விரண்டிலும் சேராத நடுப்பால் என ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் ஒரு பால் உண்டு. இம்மூன்றையும் அஃறிணை என்று எளிதில் ஒதுக்கிவிடும் தமிழருக்கு இது மனப்பாடம் செய்தே தீரவேண்டிய பகுதி. மாறாக, காரணத்தையோ நிபந்தனையையோ சொல்லும் சார்புத் தொடரில் வினை இறுதிக்குச் சென்று நிற்பது ஆங்கிலேயரைத் திணறவைத்தாலும், வினையை இறுதியில் வைத்தே பேசிப் பழகிய தமிழருக்கு அந்நியமாகத் தோன்றாது. வேற்றுமை என்னும் கருத்தும் அவ்வாறே பழகியதுதான்; ஆயினும் ஜெர்மனில் அதன் நான்கு வேற்றுமைகளும் பெரும்பாலும் பெயருக்கு முன்வரும் சுட்டுச்சொல்லின் வடிவத்திலேயே வெளிப்படுகின்றன.

பட்டத்துக்குப் பிறகு ஜெர்மன் மொழியின் தேவை இன்னும் கூடுகிறது. குடியுரிமைக்கான வதிவிடக் காலம் 2024 ஜூன் முதல் எட்டு ஆண்டுகளிலிருந்து ஐந்தாகக் குறைக்கப்பட்டபோதும், பி1 தேர்ச்சி என்ற நிபந்தனை தளர்த்தப்படவில்லை. ஆய்வகத்தை விட்டுத் தொழில்துறைக்குச் செல்வோரிடம், குறிப்பாக நடுத்தர நிறுவனங்களில், ஜெர்மன் பேசுவது எதிர்பார்க்கப்படுகிறது.

டாட் எனச் சுருக்கமாக வழங்கும் ஜெர்மன் கல்விப் பரிமாற்றச் சேவை, தன் ஆய்வு உதவித்தொகை பெறுவோர் பலருக்கு ஆய்வு தொடங்கும் முன் சில மாத மொழிப் பயிற்சி அளிக்கிறது. நெறியாளர்களும் இதைப் பின்பற்றி, முதல் ஆண்டில் மொழி வகுப்புக்குச் செலவிடும் நேரத்தை ஆய்வுப் பணியின் பகுதியாகவே ஏற்க வேண்டும். புறப்படவிருக்கும் மாணவரும் விசாவுக்குக் காத்திருக்கும் மாதங்களில், சென்னையில் உள்ள கதே நிறுவனத்திலோ வேறு எங்கேனுமோ, ஏ1 படியையாவது முடித்துவிட்டு விமானம் ஏற வேண்டும்.